கரண்ட் போய் வந்தாலும் வழியக் கூடாது: மீன் தொட்டி பிவிசி குழாய்ப் பிழைகள், அறிகுறி வாரியாக

கண்ணாடியைத் துளைக்காமல் விளிம்புக்கு மேலாக வளைத்துப் போடும் பிவிசி ஓவர்ஃப்ளோ (மிகும் தண்ணீரைக் கீழே இறக்கும் வடிகுழாய்), ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு சம்ப் (அந்தத் தண்ணீர் வந்து சேரும் கீழ்த்தொட்டி), அதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் சின்ன மோட்டார். செலவு குறைந்த வடிகட்டும் அமைப்பு என்றால் இதுதான். எல்லா உதிரியும் தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது இது பெரும்பாலும் தகராறு செய்யாது. கரண்ட் போகிற நிமிடத்திலும் திரும்பி வருகிற நிமிடத்திலும்தான் தரை நனையும். அதனால் கீழே எந்தப் பிழையைச் சரிசெய்தாலும் கடைசியில் ஒரே சோதனைதான்: பிளக்கைப் பிடுங்கி 10 நிமிடம் விடுங்கள், மறுபடி போடுங்கள், மட்டங்கள் பழைய இடத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள். மூன்று முறை வந்தால் சரி.

கணக்குக்காக 36×18×18 இன்ச் தொட்டியை (விளிம்பு வரை சுமார் 190 லிட்டர்) வைத்துக்கொள்வோம். இதில் 1 இன்ச் உயரத் தண்ணீர் 10.6 லிட்டர். கீழே 24×12 இன்ச் சம்ப். அதில் 1 இன்ச் என்றால் 4.7 லிட்டர். இந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் வழிதல் பிரச்சினை பாதி தீர்ந்தது. உங்கள் தொட்டிக்கு நீளம் × அகலம் (இன்ச்சில்) பெருக்கி 61-ஆல் வகுத்தால் 1 இன்ச்சுக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும்.

ஓவர்ஃப்ளோவின் அமைப்பு இது. தொட்டிக்குள் மேல்நோக்கித் திறந்த ஒரு வாய். அது கீழே இறங்கி, இரண்டு எல்போவில் யூ போல வளைந்து, மேலே ஏறி, விளிம்பைத் தாண்டி வெளியே இறங்குகிறது. வெளியிலும் ஒரு யூ. அது மேலே ஏறி ஒரு டீயில் (மூன்று வாய் உள்ள இணைப்பு) முடிகிறது. டீயின் மேல்வாய் காற்றுக்குத் திறந்திருக்கும், பக்கவாய் வழியாகத் தண்ணீர் சம்புக்குப் போகும். 7 எல்போ, 1 டீ, ஏறத்தாழ 2 மீட்டர் குழாய். விளிம்பின் மேல் போகும் துண்டின் உச்சியில் 5.5 மிமீ துளை போட்டு, அதில் 6 மிமீ ஏர் டியூபைச் சாய்வாக வெட்டி இறுக்கமாக இழுத்து விட வேண்டும். உள்ளே சேரும் காற்றை உறிஞ்ச இது.

எதைத் தொடுவதற்கு முன்னும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயர் பிளக் பாயிண்டுக்கு வருமுன் கீழே ஒரு தொங்கல் விட்டிருக்க வேண்டும், வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் எல்போ வாங்குமுன் அதை வாங்குங்கள்.

கரண்ட் போனதும் சம்ப் நிரம்பித் தரையில் வழிகிறது

மோட்டார் நின்றதும் இரண்டு வழியில் தண்ணீர் கீழே வரும். ஓவர்ஃப்ளோ வாயின் விளிம்பு வரை தொட்டி வடியும். அது அளவோடு நிற்கும். இன்னொன்று, தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாய் இப்போது தலைகீழாக சைஃபன் ஆகிறது, அதாவது குழாயில் நிறைந்த தண்ணீர் தொட்டித் தண்ணீரையும் தானாகவே கீழே இழுக்கிறது. அதன் முனை தண்ணீருக்குள் 3 இன்ச் ஆழத்தில் இருந்தால் 3 இன்ச் தண்ணீர், அதாவது கிட்டத்தட்ட 32 லிட்டர், கீழே வந்துவிடும். சம்பில் அது 6.8 இன்ச் ஏற்றம். 15 இன்ச் சம்பில் 10 இன்ச் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு உங்களுக்கே புரியும்.

ஏற்றும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு 10 மிமீ கீழே, 4 மிமீ துளைகள் இரண்டு போடுங்கள். மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். துளை கீழ்நோக்கிச் சாய்ந்து தொட்டிக்குள்ளேயே பீய்ச்ச வேண்டும், மூடிக்கோ விளக்குக்கோ அல்ல. ஒரு துளை போதாதா என்றால், போதாது. பாசியும் நத்தைக் குஞ்சும் அடைக்கும் முதல் இடம் இதுதான். வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியை விட்டு எடுங்கள்.

என்ஆர்வி (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்று கடையில் சொல்வார்கள். புதிதாக இருக்கும்போது உண்மை. சில மாதத்தில் வால்வின் மடலில் வழவழப்பு படிந்து முழுதாக மூடாது. துளையும் போட்டு என்ஆர்வியும் போட்டால் ஆட்சேபம் இல்லை. என்ஆர்வியை மட்டும் நம்பி ஊருக்குப் போகாதீர்கள்.

சம்பின் நிறைமட்டத்தைக் குறிப்பது இப்படி. மோட்டாரை நிறுத்தி, மேலே இருந்து வடிய வேண்டியதெல்லாம் வடிந்த பிறகு, சம்ப் விளிம்புக்கு ஒன்றரை இன்ச் கீழ் வரை தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டாரைப் போடுங்கள். மட்டம் இறங்கி நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு. ஓடும்போது இந்தக் கோட்டுக்கு மேல் வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. சம்பில் அறைகள் பிரித்திருந்தால் மோட்டார் இருக்கும் அறையில்தான் கோடு போட வேண்டும், ஏறி இறங்குவது அங்கேதான்.

கரண்ட் வந்ததும் மேல் தொட்டி வழிகிறது

மோட்டார் ஏற்றுகிறது, ஓவர்ஃப்ளோ இறக்கவில்லை. விளிம்பின் மேல் போகும் குழாயில் காற்று சேர்ந்து சைஃபன் அறுந்துவிட்டது. இந்த அமைப்பின் மிகப் பெரிய பலவீனமே இதுதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில், அறுந்தாலும் வீடு நனையாதபடி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியில் ஓடும் மட்டத்துக்கு மேல் விளிம்பு வரை ஒன்றரை இன்ச் இடம் இருந்தால் அதில் 16 லிட்டர் பிடிக்கும். மோட்டார் அறை 8×12 இன்ச் என்றால் 1 இன்ச்சுக்கு 1.57 லிட்டர். மோட்டார் வாய்க்கு மேல் 6 இன்ச் தண்ணீர் நின்றால், அது மேலே தள்ளக்கூடியது 9.4 லிட்டர்தான். வடிகால் முற்றிலும் அடைத்துப் போனாலும் தொட்டி வழியாது. மோட்டார்தான் வறண்டு கத்தும். கத்துகிற மோட்டாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அறையே பிரிக்காத சம்பில் முழுத் தண்ணீரும் மேலே போகும், அதனால் ஒரு கண்ணாடித் துண்டை சிலிகானால் ஒட்டி அறை பிரித்துவிடுங்கள்.

அடுத்து, காற்று எங்கிருந்து வருகிறது?

ஒன்று, மூட்டுக் கசிவு. உச்சியில் உள்ள எல்போக்களில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே கசிந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவுதான் ‘நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது’ என்று சொல்ல வைப்பது. சோதனை: மோட்டாரை நிறுத்தி, உச்சியிலுள்ள ஏர் டியூபில் 20 மிலி சிரிஞ்ச் வைத்து, தண்ணீர் மட்டும் வரும்வரை காற்றை இழுத்துவிட்டு, டியூபை மடித்துக் கிளிப் போடுங்கள். ஓட்டமே இல்லாமல் இரவு முழுக்க விட்டு, காலையில் மறுபடி சிரிஞ்சால் இழுங்கள். முதலில் காற்று வந்தால் மூட்டு கசிகிறது. இந்த உச்சி மூட்டுகளைச் சும்மா சொருகி வைத்திருந்தால் கழற்றி, காய வைத்து, சால்வென்ட் போட்டு ஒட்டுங்கள். மற்ற மூட்டுகளில் சிக்கனம் பார்க்கலாம்: தொட்டிக்குள் இருப்பவற்றைச் சொருகினாலே போதும்.

இரண்டு, குழாய் பெரிது, ஓட்டம் சிறிது. ஓட்டம் வேகமாக இருந்தால் குமிழ்களைத் தன்னோடு அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக இருந்தால் குமிழ்கள் உச்சியிலேயே தங்கி ஒன்றுசேரும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மணிக்கு 500 லிட்டர் மோட்டாருக்கு ஒன்றரை இன்ச் குழாய் போட்டவர்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சைஃபன் அறுவதன் காரணம் இது. ஓட்டம் மிகுந்தால் ஒரு பெரிய குழாயைவிட இரண்டு தனித்தனி 1 இன்ச் ஓவர்ஃப்ளோ நல்லது; ஒன்று அடைத்தாலும் மற்றது இறக்கும்.

மூன்று, காற்றை உறிஞ்சும் டியூப் அடைத்துவிட்டது. இதன் மறுமுனை தொட்டிக்குள் இருக்கும் பவர்ஹெட்டின் (நீருக்குள் ஓடும் சின்ன பம்ப்) வெஞ்சூரி முனையில், அதாவது காற்றை இழுக்கும் முனையில், மாட்டியிருக்கும். ஓட்டத்தின் உறிஞ்சலால் உச்சியிலுள்ள காற்று தொடர்ந்து வெளியேறும், கரண்ட் வந்தவுடன் சைஃபனை மீட்பதும் இதுதான். பவர்ஹெட் ஸ்பாஞ்ச் அடைத்தால் உறிஞ்சல் குறையும். டியூபைப் பிடுங்கி விரல் நுனியில் வையுங்கள். இழுப்பது தெரிய வேண்டும். துளை உச்சியில் அல்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாலும் பயனில்லை, காற்று அதற்கு மேலே உட்கார்ந்துகொள்ளும். மட்டப்பலகையை வைத்து, துளை இருக்கும் பக்கம் ஒரு பொட்டு உயர்ந்திருக்கும்படி வையுங்கள்.

நான்கு, சத்தம் பொறுக்காமல் டீயின் மேல்வாயை எண்ட் கேப்பால் யாரோ இறுக்க மூடிவிட்டார்கள். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. மேல்வாய் மூடினால் சம்புக்குப் போகும் குழாய் முழுவதும் சைஃபனாகி, வெளி யூவில் இருக்கும் தண்ணீரையும் வாரி இழுத்துக்கொண்டு போகும். தொட்டி வாயில் காற்று புகுந்து உச்சி வரை வரும். அடுத்த நிமிடம் வடிகால் செத்தது.

உறிஞ்சும் சத்தம், கொடகொட, ஏறி இறங்கும் மட்டம்

சத்தம் மூன்று வேறு வேறு இடங்களிலிருந்து வரலாம். காதை முதலில் தொட்டி வாயருகே வையுங்கள், பிறகு டீயருகே, பிறகு சம்பருகே.

தொட்டி வாயில் உறிஞ்சும் சத்தம் கேட்டால் டீ அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது. வாயின் விளிம்புக்கும் டீயில் தண்ணீர் வழியும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் ஓட்டத்தை நடத்துகிறது. 1 இன்ச் குழாயில் 4 இன்ச் வித்தியாசம் மணிக்கு ஏறத்தாழ 800 லிட்டரைக் கடத்தும். 6 இன்ச் என்றால் 1000-ஐ நெருங்கும். மோட்டார் தருவது 500 லிட்டராக இருந்து வித்தியாசம் 6 இன்ச்சாக இருந்தால், வாய்க்குள் தண்ணீர் பல இன்ச் ஆழத்தில் அருவியாக விழுந்து காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். சத்தம் மட்டுமல்ல, மேலே சொன்ன குமிழ்ப் பிரச்சினைக்கும் இதுவே ஊற்று.

டீக்குக் கீழே உள்ள நிமிர்ந்த துண்டை ஒட்டாமல் வைத்திருந்தால் இங்கே கை கொடுக்கும். அதை எடுத்துவிட்டு அரை இன்ச் நீளமான துண்டைச் சொருகிப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது வாய்க்குள் தெரியும் தண்ணீர், விளிம்புக்கு அரை முதல் 1 இன்ச் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் உயர்த்தினால், குப்பை கொஞ்சம் அடைத்தாலே தொட்டி மட்டம் ஏறிவிடும். இந்தத் துண்டு காற்றுப்படும் பக்கம் இருப்பதால் சொருகிய இடத்தில் இரண்டு சொட்டு கசியலாம். டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிச் சொருகினால் நின்றுவிடும்.

வாயையும் கவனியுங்கள். 1 இன்ச் குழாய் அப்படியே திறந்திருந்தால் சுற்றளவு போதாது, தண்ணீர் தடிப்பாக விழும். 2×1 ரெட்யூசர் ஒன்றை மேலே கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, அதில் 2 இன்ச் குழாய்த் துண்டு சொருகி, விளிம்பில் ஹேக்ஸா பிளேடால் சீப்புப் பல் போல ஒன்றரை இன்ச் ஆழக் கீறல்கள் போடுங்கள். தண்ணீர் மெல்லிய தகடாக உள்ளே இறங்கும், மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் போகும், சின்ன மீனும் போகாது. பிளேடு ஒன்று மெல்லிய கீறல்தான் போடும். இரண்டு பிளேடைச் சேர்த்துக் கட்டி அறுத்தால் அகலம் சரியாக வரும்.

டீயில் கொடகொட என்றால் காற்றும் தண்ணீரும் ஒரே வாயில் முட்டிக்கொள்கின்றன. மேல்வாயில் அரை அடிக் குழாய் சொருகி, முனையில் ஒரு எல்போ வைத்துச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள், சத்தம் பாதியாகும். அப்படியும் பிடிவாதம் பிடித்தால், டீயிலிருந்து கீழே போகும் குழாயை மட்டும் ஒரு அளவு பெரிதாக்குங்கள், அதாவது ஒன்றேகால் இன்ச். இந்த வகை ஓவர்ஃப்ளோவில் மேல்வாயில் துளையிட்ட மூடி போடுவதானால் துளை 10 மிமீக்குக் குறையக் கூடாது.

கண்ணாடியில் துளை போட்ட தொட்டிகளில் வைக்கும் டர்ஸோ வகை நிற்குழாய் வேறு கணக்கு. அங்கே சைஃபன் அறுந்து தொல்லை வராது என்பதால் மூடியில் 3 மிமீ துளையில் ஆரம்பித்துப் பழகலாம். மட்டம் ஏறி, திடீரென்று ‘சர்ர்’ என்று வடிந்து, மறுபடி ஏறினால் துளை சிறிது. அரை மிமீ அரை மிமீயாகப் பெரிதாக்குங்கள். துளையைப் பெரிதாக்கிவிட்டால் சிறிதாக்க முடியாதே என்று பயந்தால், 6 மிமீ துளையில் ஏர் டியூபும் ஏர் வால்வும் மாட்டித் திருகித் திருகிச் சரிசெய்யலாம்.

சம்பில் தடதட என்று விழுந்தால் குழாய் முனையைத் தண்ணீருக்குள் 1 இன்ச் அமிழ்த்துங்கள். 4 இன்ச் அமிழ்த்தினால் குழாயில் இருக்கும் காற்று வெளியேற வழியின்றி, கரண்ட் வந்தவுடன் ஓட்டம் தொடங்கவே திணறும். முனையை 45 டிகிரி சாய்வாக வெட்டுவதும் உதவும்.

எங்கிருந்தோ ஈரம், எங்கேயென்று தெரியவில்லை

எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரை ஒரு சுற்று சுற்றுங்கள். அரை மணி கழித்து எது நனைந்திருக்கிறதோ அதில், மேலிருந்து முதலாவதைப் பிடியுங்கள். கீழே நனைந்ததெல்லாம் பெரும்பாலும் மேலிருந்து வழிந்தது. பேப்பர் ஒன்றும் நனையவில்லை, தரை மட்டும் ஈரம் என்றால் ஏர் டியூபைப் பாருங்கள். கரண்ட் போகும்போது தொட்டியை விடத் தாழ்ந்து வைத்த ஏர் பம்ப் வழியாகத் தண்ணீர் இறங்கி வந்திருக்கும். பம்பைத் தொட்டி மட்டத்துக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிடுங்கள்.

ஒட்டிய மூட்டில் கசிவு

முதலில் அளவைச் சந்தேகியுங்கள். கடையில் ‘அரை இன்ச்’ என்று கேட்டால் மூன்று வேறு குழாய்கள் வரலாம். சிபிவிசி அரை இன்ச்சின் வெளிவிட்டம் 15.9 மிமீ. விவசாயத்துக்கும் தோட்டத்துக்கும் போடும் சாம்பல் நிற பிவிசி 20 மிமீ. வெள்ளை யுபிவிசி 21.3 மிமீ. முக்கால் இன்ச்சில் இவை முறையே 22.2, 25, 26.7, 1 இன்ச்சில் 28.6, 32, 33.4. சாம்பல் குழாய் வெள்ளை எல்போவில் லொடலொடவென்று நுழையும், சால்வென்ட் அந்த இடைவெளியை நிரப்பாது. ஒரு தொட்டிக்கு ஒரே வகை என்று முடிவு செய்யுங்கள், குழாயையும் ஃபிட்டிங்கையும் ஒன்றாக வாங்கிக் கடையிலேயே சொருகிப் பாருங்கள். உலர்ந்த நிலையில் குழாய் எல்போவுக்குள் பாதியிலிருந்து முக்கால் ஆழம் போய் இறுக வேண்டும். சால்வென்ட்டும் அந்தந்த வகைக்கு உரியதாக இருக்கட்டும்.

ஒட்டும் முறை: நேராக அறுத்து, உள்ளும் புறமும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். வெளிவிளிம்பைச் சற்றுச் சாய்வாக்குங்கள், இல்லாவிட்டால் கூர்விளிம்பு சால்வென்ட்டை வழித்துத் தள்ளிவிடும். எல்போவின் ஆழத்தைக் குழாயில் பென்சிலால் குறியுங்கள். குழாயில் தாராளமாக, எல்போவுக்குள் மெல்லியதாகப் பூசி, கால் திருப்புத் திருப்பி அடிவரை தள்ளி, 30 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். விட்டால் குழாய் தானே பின்னுக்கு வரும். வெயில் காலத்தில் டப்பா திறந்தே இருந்து சால்வென்ட் ஜெல்லி போல ஆகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். தின்னர் கலந்து இளக்கி ஒட்டினால் பிடிக்காது. 24 மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள்.

ஒட்டி முடித்த மூட்டு கசிந்தால் மேலே சால்வென்ட் பூசுவது வீண். சிலிகான் பிவிசியில் சரியாகப் பிடிக்காது, உரித்தால் தோல் போல வரும். எம்-சீல் ஞாயிற்றுக்கிழமை இரவைத் தாண்ட உதவும். நிரந்தரத் தீர்வு, அந்த எல்போவை இருபுறமும் 2 இன்ச் விட்டு அறுத்தெறிந்து, புது எல்போவும் இரண்டு கப்ளரும் போடுவது. இதற்காகவே எல்போவுக்கும் எல்போவுக்கும் நடுவில் 4 இன்ச்சாவது நேர்க்குழாய் விட்டுக் கட்ட வேண்டும், மோட்டார் பக்கம் ஒரு யூனியனும் (அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு) வேண்டும்.

டேங்க் நிப்பிளிலும் மரையிலும் கசிவு

பிளாஸ்டிக் வாளி அல்லது டிரம்மை சம்பாக்குபவர்களுக்கு இது வரும். ரப்பர் வாஷர் நிப்பிளின் தலைப்பக்கம், தண்ணீர் இருக்கும் உட்புறத்தில் இருக்க வேண்டும், நட்டுப்பக்கம் அல்ல. நட்டைக் கையால் இறுக்கி அதன்மேல் கால் திருப்பு போதும். பைப் ரெஞ்ச் போட்டால் வாஷர் பிதுங்கி வெளியே வரும், மேலும் கசியும். வளைந்த வாளிச் சுவரில் வாஷர் உட்காராது. தட்டையான பக்கமாகப் பாருங்கள். கண்ணாடியில் துளை என்றால் டைமண்ட் ஹோல் சா, சொட்டுத் தண்ணீர், பொறுமை. துளையின் ஓரத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவில் துளையின் விட்டம் அளவாவது இடம் விடுங்கள். டஃப்பன்டு கண்ணாடியைத் தொடவே கூடாது, முழுதும் பொடியாகும்.

எம்டிஏ (வெளிமரை), எஃப்டிஏ (உள்மரை) போன்ற மரை ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப்பை, மரை முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரச் சுற்றாக 6 முதல் 8 சுற்று சுற்றுங்கள். எதிராகச் சுற்றினால் திருகும்போது சுருண்டு வெளியே வரும். உலோக வெளிமரையைப் பிளாஸ்டிக் உள்மரைக்குள் ஏற்ற வேண்டாம். இன்று கசியாது, ஒரு மாதத்தில் பிளாஸ்டிக் வாய் விரிசல் விடும்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சரியாக வரவில்லை

பெட்டியில் போட்டிருக்கும் ‘மணிக்கு 2000 லிட்டர்’ உயரமே இல்லாதபோது வருவது. கூடவே ‘ஹெச் மேக்ஸ் 2 மீ’ என்றிருந்தால், 2 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று பொருள். சம்ப் மட்டத்திலிருந்து தொட்டி மட்டம் வரை 1.2 மீட்டர் என்றால் 800 லிட்டரை எதிர்பாருங்கள். எல்போக்கள் அதிலும் கொஞ்சம் தின்னும். அளப்பது எளிது: மேல் முனையைத் தொட்டி உயரத்திலேயே 10 லிட்டர் பக்கெட்டில் விட்டு விநாடி எண்ணுங்கள். 36000-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது. 45 விநாடி என்றால் 800.

முன்பு வந்தது இப்போது குறைந்திருந்தால் மோட்டாரைத் திறங்கள். போர் தண்ணீர் வீடுகளில் இம்பெல்லரைச் சுற்றி வெள்ளை உப்புப் படிவு கட்டியிருக்கும். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து 1 மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசி மாட்டுங்கள். கரண்ட் வந்ததும் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று மட்டும் முனகுவதும் இதனால்தான்: ஓடிக்கொண்டிருக்கும்வரை எப்படியோ சுற்றும், நின்றால் படிவு பிடித்துக்கொள்ளும். இன்வெர்ட்டரில் மட்டும் முனகிச் சூடானால் கோளாறு மோட்டாரில் இல்லை. அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் வேண்டும்.

ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் பால் வால்வை மோட்டாரின் வெளியேறும் பக்கம் வையுங்கள். ஓவர்ஃப்ளோ பக்கம் எந்த வால்வும் வைக்க வேண்டாம்.

தொட்டி முழுக்கப் பொடிக் குமிழ்கள்

மே மாதத்தில் திடீரென்று வந்தால் சம்பைத்தான் பார்க்க வேண்டும். ஆவியாகிப் போகும் தண்ணீர் முழுதும் மோட்டார் அறையில்தான் குறையும், மற்ற அறைகளில் மட்டம் அசையாது. மோட்டார் வாய்க்கு மேல் 2 இன்ச்சுக்குக் குறைந்தால் சுழி விழுந்து காற்றை இழுக்கும்.

தண்ணீர் போதுமான அளவு இருந்தும் குமிழ் வந்தால், வடிகுழாய் விழும் அறைக்கும் மோட்டார் அறைக்கும் நடுவில் தடுப்பு போதவில்லை. ஒன்று மேலே வழியவும், அடுத்தது கீழே நுழையவும், மூன்றாவது மறுபடி மேலே வழியவும் மூன்று கண்ணாடித் தடுப்புகள், 1 இன்ச் இடைவெளியில். அவசரத்துக்கு முரட்டு ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகினாலும் சரி, ஆனால் அது அடைக்கும்போது முந்தைய அறை வழியும்.

தெளிப்புக் குழாயில் ஒரு முனையில் மட்டும் வேகம்

துளைகள் அதிகம். எல்லாத் துளைகளின் மொத்தப் பரப்பு, குழாயின் உள்பரப்பைவிடக் குறைவாக இருந்தால்தான் உள்ளே அழுத்தம் சீராக நிற்கும். உள்விட்டம் 16 மிமீ குழாயின் பரப்பு 201 சதுர மிமீ. 4 மிமீ துளை ஒன்று 12.6. பத்துப் பதினொன்று போதும், முப்பது வேண்டாம். கடைசி முனை எண்ட் கேப்பை ஒட்டாதீர்கள், பாட்டில் பிரஷ் அது வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

மிதவை வால்வு நிற்காமல் சொட்டுகிறது

ஆவியாவதை ஈடுகட்ட ஆர்ஓ மெஷின் உதிரிக் கடையில் கிடைக்கும் கால் இன்ச் மிதவை வால்வும் வெள்ளை டியூபும் மலிவான ஏற்பாடு. சொட்டினால் பெரும்பாலும் ரப்பர் முளையில் உப்புத் துகள் உட்கார்ந்திருக்கும். கழற்றி வினிகரில் போடுங்கள். அப்போதும் சொட்டினால் அழுத்தம் அதிகம். மாடித் தொட்டிக் குழாயில் நேராக இதை மாட்டவே கூடாது, வால்வு சிக்கினால் மாடித் தொட்டி முழுதும் வரவேற்பறைக்கு வரும். 20 லிட்டர் கேனை உயரத்தில் வைத்து அதிலிருந்து கொடுங்கள். சிக்கினாலும் 20 லிட்டரோடு போகும், குளோரின் உள்ள தண்ணீர் நேராகப் புகுவதும் தவிரும்.

குழாய் வேலைக்குப் பிறகு இறால், நத்தை சாகின்றன

மீன் தெம்பாக இருக்க, இறாலும் நத்தையும் மட்டும் விழுந்தால் செம்பைத் தேடுங்கள். பாத்ரூம் குழாய்க்குப் போடும் பித்தளை மரை பதித்த எல்போ எங்கேயாவது நுழைந்திருக்கும். முழுப் பிளாஸ்டிக்காக மாற்றி, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஜிஐ கிளாம்ப் தண்ணீரில் படும் இடத்தில் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு நைலான் டை போடுங்கள்.

மீனும் சேர்ந்து மேலே வந்து வாய் பிளந்தால் சால்வென்ட் காயாமல் தண்ணீர் விட்டிருக்கலாம், அல்லது சிலிகான் தவறு. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை தடுக்கும் சிலிகான் தொட்டிக்கு ஆகாது. டியூபில் பூஞ்சை தடுப்பு என்று ஏதாவது எழுதியிருந்தால் வைத்துவிட்டு, புளித்த வினிகர் வாசனை வரும் சாதாரணக் கண்ணாடி சிலிகானை, முடிந்தால் தொட்டி செய்பவர் பயன்படுத்துவதையே கேட்டு வாங்குங்கள். தவறானதைப் பூசியிருந்தால் பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்து, புதியது பூசி, ஒரு வாரம் காயவிட்டு, இரண்டு முறை தண்ணீர் நிரப்பிக் கொட்டிய பிறகு மீனை விடுங்கள்.